கழுகு வராத நண்பகல்

எனக்கு எட்டு வயது, 1980களின் நடுவில். மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு போய், பஸ் மாறித் திருக்கழுக்குன்றம் போனோம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகளை ஏறி வேதகிரீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டுப் பாறைச் சரிவில் காத்திருந்தோம். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து சர்க்கரைப் பொங்கல் உண்டுவிட்டுப் போகும். காசியில் நீராடி ராமேஸ்வரம் செல்லும் முனிவர்கள் அவை என்பது நம்பிக்கை.

அன்று அவை வரவில்லை. வெயிலில் பாறை சுட்டது. பொங்கல் பாத்திரம் அப்படியே இருந்தது. இறங்கும்போது அம்மா சொன்னாள்: "கூட்டத்துல யாரோ பாவம் செஞ்சவங்க இருந்திருக்காங்க."

முந்தின நாள்தான் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து நாலணா எடுத்திருந்தேன். அத்தனை பேர் ஏமாந்து திரும்பியதற்குக் காரணம் நானே என்று நம்பினேன். பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் கழுகுகள் அடியோடு வராமல் போயின. முனிவர்கள் என்று நாங்கள் வணங்கியவை மஞ்சள்முகப் பாறுகள் என்பதைப் பெரியவனான பின் படித்தறிந்தேன். இந்தியா முழுவதும் பாறுகள் அழிந்துகொண்டிருந்தன. வெண்முதுகுப் பாறுகளில் 1992க்கும் 2007க்கும் இடையில் 99 விழுக்காட்டுக்கும் மேல் மறைந்தன. மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் இறைச்சி வழியே பறவைகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்ததை 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தருவது இந்தியாவில் தடை செய்யப்பட்டது. குன்றின் இரண்டு பறவைகளுக்கும் அதுவே நேர்ந்தது என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்தியப் பாறுகள் தேய்ந்த கதை இதுதான்.

இதைப் படித்த இரவு, நாலணாப் பாவம் என்னைவிட்டு இறங்கியது. பகுத்தறிவு எனக்குச் செய்த பெரிய உபகாரம் அது. இல்லாத குற்றத்திலிருந்து ஒரு குழந்தையை அது விடுவித்தது. யாரோ பாவி என்று சொல்லி முடித்துக்கொள்ளும் நம்பிக்கை, காரணத்தைத் தேட விடாது.

ஆனால் இன்னொன்று உறுத்தத் தொடங்கியது. அந்த ஊசியைப் போட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. வாயில்லா ஜீவனின் வலியைப் போக்க நினைத்தார்கள். அறிவு கண்டுபிடித்த மருந்து. அதன் விளைவைக் கண்டதும் அறிவுதான். ஆனால் மருந்துக்கும் விளைவுக்கும் நடுவே வானம் காலியாகிவிட்டது. நம் அறிவின் எல்லை எங்கோ கைலாயத்துக்கு அப்பால் இருப்பதாக நினைத்திருந்தேன். அது மாட்டுத் தொழுவத்திலேயே இருந்தது. நாளை என்ன ஆகும் என்று தெரியாமலேதான் இன்று ஊசி போடுகிறோம், ஏரியைத் தூர்க்கிறோம், வீடு கட்டுகிறோம்.

அந்தத் தெரியாமையின் முன் எப்படி நிற்பது? எங்கள் ஊருக்குப் பெயர் தந்த மறைமலையடிகள் நூலும் கையுமாக ஆராய்ந்தவர், சிவபக்தியில் தோய்ந்தவர். ஒன்றுக்காக இன்னொன்றை அவர் விடவில்லை. எனக்கு அவ்வளவு தெளிவு இல்லை. பறவைகள் முனிவர்கள் என்று இன்று என்னால் நம்ப முடியாது. ஆனால் வருமோ வராதோ என்று அறியாமல் தினமும் படியேறிப் பொங்கல் வைத்த அந்தக் கையை நம்புகிறேன். ஒரு பறவை உண்ணும்வரை ஊரே மூச்சடக்கிக் காத்திருந்ததே, அந்தப் பணிவு ஊசி போட்ட கைக்கும் வாய்த்திருந்தால் நாம் கொஞ்சம் மெதுவாகப் போயிருப்போம்.

சென்ற ஆண்டு அம்மாவை அழைத்துப் போனேன். அவளால் படியேற முடியவில்லை, அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டாள். உச்சிவேளையில் மேலே சிலர் இன்னும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

இறங்கியதும் கேட்டாள்: "வந்துச்சா?"

"இல்லம்மா."

சற்று நேரம் மலையையே பார்த்தாள். "நாம என்ன பண்ணினோமோ" என்றாள்.

அன்று 'யாரோ' என்றவள், இன்று 'நாம' என்றாள். டைக்ளோஃபினாக் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. நான் படித்துத் தெரிந்துகொண்டதும் அதுதானே.