நிற்பதும் தாங்குவதும்

நிற்பது வேறு, தாங்குவது வேறு. இந்த வேற்றுமையை நாம் மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் வீடிழந்தோருக்காக, 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பிரிட்டிஷ் அரசாங்கம் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஒற்றைத்தள வீடுகளை எழுப்பியது. தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து, கொண்டுவந்து பூட்டிய வீடுகள். பத்துப் பதினைந்து ஆண்டு நின்றால் போதும் என்பதே கணக்கு. சில, அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் நின்றன. லண்டன் கேட்ஃபர்டில் ஆறு வீடுகளைப் பாதுகாக்க வேண்டியவை என்று 2009-இல் பட்டியலிலேயே சேர்த்தார்கள்.

இத்தனை காலம் நின்ற வீட்டின்மேல் ஒரு மாடி கட்டினால் என்ன? கட்டக் கூடாது. அந்த ஆறு வீடுகளின் சுவர் மரச்சட்டமும் கல்நார்ச் சிமெண்டுத் தகடுந்தான். தன் கூரையைச் சுமக்கப் பிறந்தது. மாடி வேண்டுமானால் புது அஸ்திவாரம் போட்டு, தனித் தூண் நிறுத்தி, பாரத்தை அதன்வழியே மண்ணில் இறக்க வேண்டும்.

தகப்பன் இறந்ததும், தம்பி தலையெடுக்கும்வரை என்று வேலைக்குப் போன அக்காள்மாரை நான் அறிவேன். தம்பி தலையெடுத்தான். 'இத்தனை நாள் தாங்கினாளே!' என்று அவன் கல்யாணச் செலவையும் அவள்மேலேயே ஏற்றினார்கள். அவள் நின்றது பொறுமையால். அதைப் பலமென்று கொண்டது மற்றவர்களுடைய சௌகரியம்.

உயரக் கட்ட ஆசைப்படுவது குற்றமன்று. ஆசைப்படுகிறவன் தூணையும் தானே நடவேண்டும்.