விந்தைப் பொருள்களும் கொடையறமும்

கொடுத்தல் என்னும் செயல் எல்லாச் சமயத்தாராலும் போற்றப்படுவது. ஆயின், எதனைக் கொடுத்தல் தகும் என்னும் வினா அத்துணை எளிதில் விடைபெறுவதன்று. பசித்தார்க்கு உணவும், பிணியுற்றார்க்கு மருந்தும், பயில்வார்க்கு நூலும் அளித்தல் நன்றென்பதில் எவர்க்கும் ஐயமில்லை. இன்றியமையாத தேவை எதனையும் நிறைவு செய்யாமல், காண்பவர் முகத்தில் ஒரு புன்னகையை மட்டும் தோற்றுவிக்கும் சிறு பொருளைப் பணங்கொடுத்து வாங்கிப் பிறர்க்கு அளித்தல் தகுமா? தம்மத்தைத் தழுவிய இல்லறத்தார்க்கு அஃது இசைந்த செயலா, அன்றி வீண் செலவா? இதனையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நம் ஒக்கலிபுரத்தினின்று இரயில் பாதையைக் கடந்து, மெஜஸ்டிக் வழியே சிக்குப்பேட்டைக்கும் மாமூல்பேட்டைக்கும் செல்வோர் இத்தகைய பொருள்களைக் குவியல் குவியலாகக் காண்பர். சூடான தேநீரை ஊற்றியதும் கருநிறம் மறைந்து படம் வெளிப்படும் கோப்பை, ஆட்டோ வண்டியின் வடிவில் அமைந்த பேனாத் தாங்கி, தொட்டால் தலையசைக்கும் பொம்மை என இவை பலவகைப்படும். 2010-ஆம் ஆண்டில் கணவனும் மனைவியுமாகிய இருவர் இந்நகரத்தில் தொடங்கிய 'சும்பக்' என்னும் நிறுவனம், நம் நாட்டுக் காட்சிகளைப் பளிச்சிடும் வண்ணங்களில் தீட்டிய காந்த வில்லைகள், சாவிக்கொத்துகள் முதலியவற்றை விற்றே பெயர் பெற்றது. 'சும்பக்' என்னும் இந்திச் சொல்லுக்குக் காந்தம் என்பதே பொருள். பிறந்தநாள், புதுமனை புகுவிழா, திருமணம், பணி ஓய்வு ஆகிய நிகழ்ச்சிகளில் இன்று கைமாறுவன பெரும்பாலும் இத்தகையனவே.

இவற்றை மறுப்போர் கூறும் காரணங்கள் வலியுடையன. விந்தை என்பது முதற்காட்சியில் தோன்றி, இரண்டாங் காட்சியில் தேய்ந்து, மூன்றாவதில் மறைந்துவிடும் இயல்புடையது. நிறம் மாறும் கோப்பையைக் கண்டு முதல் நாள் வீட்டார் அனைவரும் கூடி வியப்பர். பத்து நாள் சென்றபின் தேநீர் மட்டுமே அருந்தப்படும். தேய்த்துத் தேய்த்துக் கழுவினால் நிறம் மாற்றும் பூச்சும் நாளடைவில் அழியும். பின்னர் மனம் வேறொரு புதுமையைத் தேடும். இங்ஙனம் ஒன்றைவிட்டு ஒன்றைப் பற்றி அலைவதே பகவான் கூறிய 'தண்ஹா' என்னும் வேட்கையின் போக்கன்றோ? மேலும், ஓரறையில் ஐவர் வாழும் வீடுகளில் அலமாரியின் மேற்தட்டு முழுவதையும் பயனற்ற பொம்மைகள் அடைத்துக்கொள்வதால் வரும் நன்மை யாது? இங்ஙனம் வினவுவோரை நாம் கடிந்துகொள்ளல் ஆகாது.

எனினும், பயனுடைய பொருளைக் கொடுப்பதே அறம், மகிழ்வூட்டும் பொருளைக் கொடுப்பது அறமன்று என்று முடிவு கட்டுமுன், நம் முன்னோர் பெற்ற கொடைகளை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பண்ணையில் உழைத்த நம் பாட்டன் பாட்டிமார்க்குக் கொடை என்று எவை வந்தன? முதல்நாள் மிஞ்சிய சோறு. உடுத்திக் கிழிந்த துணி. வீட்டார்க்கு வேண்டாத பண்டம். அவை பயனற்றவை என்று எவரும் சொல்ல இயலாது. பழஞ்சோறு பசியைத் தீர்த்தது. கிழிந்த துணி குளிரைத் தடுத்தது. பயன் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால், அவை மிகச் சிறந்த கொடைகளாதல் வேண்டும். ஆயினும் அவற்றைப் பெற்றவர் நெஞ்சம் குன்றியது ஏன்? கொடுத்தவன் பெறுபவரின் வயிற்றைக் கண்டானேயன்றி முகத்தைக் கண்டிலன். இவருக்கு எது பிடிக்கும் என்னும் எண்ணம் அவன் உள்ளத்தில் ஒருகணமும் எழவில்லை. அத்தகைய எண்ணம் எழுவதற்கே பெறுபவரும் தன்னையொத்த மனிதர் என்னும் உணர்வு முன்னதாக வேண்டும்.

இங்குப் பகவான் இல்லறத்தார்க்கு அருளிய அறிவுரையை நினைவுகூர்தல் பொருந்தும். இராசகிருகத்தில் சிங்காலன் என்னும் இளைஞனுக்கு அவர் கூறிய சூத்திரத்தில், தலைவன் தன் பணியாளர்க்குச் செய்யவேண்டிய கடமைகள் ஐந்து கூறப்பட்டுள்ளன. வலிமைக்கேற்ப வேலை பகுத்தல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல் ஆகிய நான்கும் எவரும் எதிர்பார்க்கத் தக்கவையே. எஞ்சியதும், வரிசையில் நான்காவதாக வைக்கப்பட்டதுமாகிய கடமையோ வியப்புக்குரியது. அரிய சுவையுடைய பண்டம் கிட்டும்போது அதனைப் பணியாளர்க்கும் பகிர்ந்தளிக்க வேண்டும் என்பதே அது. அங்கு ஆளப்பட்டுள்ள பாலிச் சொல் 'அச்சரிய' என்பதாகும். நாம் ஆச்சரியம் என வழங்கும் அச்சொல்லே அது. உணவும் ஊதியமும் முன்னரே கூறப்பட்டுவிட்டன. அவற்றோடு அமையாமல், வியப்பும் பகிரப்பட வேண்டும் என்று பகவான் விதித்தார். மிச்சத்தைக் கொடுப்பது வழக்கமாயிருந்த உலகில், அருமையானதைக் கொடு என்று கூறிய இவ்வுரையின் ஆழத்தை நம்மைவிட நன்கு உணரத்தக்கார் யாவர்?

அதே சூத்திரத்தில் கணவன் மனைவிக்குச் செய்யும் கடமைகளுள் அணிகலன் அளித்தலும் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது. ஈட்டிய பொருளை நான்கு கூறாக்கி, ஒன்றைத் துய்த்து, இரண்டைத் தொழிலில் இட்டு, நான்காவதை இடர் வருங்காலத்திற்குச் சேமித்து வைக்குமாறும் கூறப்பட்டுள்ளது. ஆகவே அழகும் மகிழ்ச்சியும் இல்லறத்தார்க்கு விலக்கப்பட்டவை அல்ல; அளவே விதிக்கப்பட்டுள்ளது. சேமிப்புக்கு உரிய கூற்றை எடுத்துப் பரிசு வாங்குபவன் இவ்வளவைக் கடந்தவனாவான்.

அங்ஙனமாயின், விந்தைப் பொருள்களுள் நல்லவற்றையும் அல்லவற்றையும் பகுத்தறிவது எங்ஙனம்? நம் நகரத்தினின்று மைசூர் செல்லும் சாலையிலேயே இதற்குரிய சான்றுகள் இரண்டு உள்ளன.

ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சன்னபட்டணம். அங்குக் கன்னடத்தில் ஆலே மரம் என்றும், தமிழில் வெட்பாலை என்றும் வழங்கும் மென்மரத்தைக் கடைந்து பொம்மைகள் செய்கின்றனர். கடைசலில் மரம் சுழலுங்கால், வண்ணம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவர். உராய்வினால் எழும் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின்மேல் படியும். பின்னர்த் தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவர். முனைகள் மழுங்க உருட்டப்பெற்றிருத்தலின் குழந்தையின் கையையும் வாயையும் அவை கிழிப்பதில்லை. இத்தொழில் திப்பு சுல்தான் பாரசீகத்தினின்று வரவழைத்த கைவினைஞரால் தொடங்கியது என்று மரபுவழிச் செய்தி கூறும். 2005-06 ஆண்டில் இப்பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றன. ஒரு கிலுகிலுப்பையோ, பம்பரமோ, இழுத்துச் செல்லும் வண்டியோ பெரும்பயன் உடையதன்று. ஆயினும் அதனைச் செய்தவன், தான் ஒருபோதும் காணப்போகாத ஒரு குழந்தையின் விரலையும் ஈற்றையும் நினைந்தே செய்திருக்கின்றான்.

அதே சாலையில் மேலுஞ் சென்றால் திப்புவின் தலைநகராகிய ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடையலாம். அவருக்கென்று செய்யப்பெற்ற மற்றொரு விந்தைப் பொருளும் உண்டு. வண்ணந் தீட்டிய மரப்புலி ஒன்று ஓர் ஐரோப்பியனை வீழ்த்திக் கழுத்தைக் கவ்வி நிற்கிறது. கைப்பிடியைச் சுழற்றினால் வீழ்ந்தவனின் கை எழுந்து தாழும். அவன் ஓலமும் புலியின் உறுமலும் மாறி மாறிக் கேட்கும். புலியின் உடலுள் ஓர் இசைக்கருவியும் அமைந்துள்ளது. 1799-ஆம் ஆண்டில் அந்நகரம் வீழ்ந்தபோது ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றி இலண்டனுக்குக் கொண்டுசென்றனர். இன்று அது அங்குள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. வேலைப்பாட்டில் குறைகூற இயலாத பொருள் அது. ஆயினும் அது தந்த களிப்பு யாது? முதலில், பகைவனின் துன்பத்தைக் கண்டு மகிழும் களிப்பு. பின்னர், கொன்றவன் உடைமையைக் கவர்ந்து காட்டிப் பெருமை கொள்ளும் களிப்பு. ஆகவே வேலைப்பாட்டின் நுட்பம் மட்டும் ஒரு பொருளை நல்லதாக்குவதில்லை. அது எழுப்பும் சிரிப்பு யாரோடு சேர்ந்து சிரிப்பது, யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று வினவுதல் வேண்டும். கருத்தவரையும், பருத்தவரையும், வீட்டு வேலை செய்வோரையும் கேலியுருவாக்கி விற்கும் பொம்மைகள் இன்றும் உள. எத்துணை நேர்த்தியாக இருப்பினும் அவை நம் இல்லங்களுக்குத் தகா.

நீடித்து நிற்கும் விந்தைக்குத் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை எடுத்துக்காட்டாகும். அடிப்பாகம் உருண்டு கனமாகவும், மேற்பாகம் இலேசாகவும் இருத்தலின், எப்பக்கம் சாய்த்தாலும் அது நிமிர்ந்து நிற்கும். ஜப்பானியர் போற்றும் தருமா பொம்மையும் இதே அமைப்பினது. தென்னிந்தியாவினின்று சீனம் சென்று தியான நெறியைப் பரப்பியவர் என்று மரபு கூறும் போதிதருமரின் உருவமே அது. எண்ணம் ஒன்றை மேற்கொள்ளும்போது அதற்கு ஒரு கண்ணை எழுதி, அவ்வெண்ணம் நிறைவேறியபின் மறு கண்ணை எழுதுவது அந்நாட்டு வழக்கம். தேர்வில் தவறிய மாணவனுக்கு ஒருவர் தலையாட்டிப் பொம்மையை அளித்தால், பல நாள் சொல்லும் அறிவுரையை அது மேசைமேல் இருந்து சொல்லிக்கொண்டிருக்கும். வியப்பு தேய்ந்தபின்னும் பொருள் தேயாத பரிசு இதுவே.

கொடுத்த பொருளின் பிற்கால வாழ்வையும் எண்ணல் வேண்டும். கோசாம்பியில் உதேன மன்னனின் மகளிர் ஆனந்த தேரருக்கு ஐந்நூறு மேலாடைகள் அளித்தனர். இத்தனை ஆடைகளை வைத்து இவர் துணி வாணிகம் செய்யப்போகின்றாரோ என்று மன்னன் ஐயுற்று, அவரையே வினவினான். கந்தல் உடுத்திய பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். அவர்தம் பழைய ஆடைகள் என்னாகும் என்று மன்னன் மேன்மேலும் கேட்க, அவை படுக்கை விரிப்பாகும், பின் மெத்தை உறையாகும், பின் தரை விரிப்பாகும், பின் கால்துடைக்கும் துணியாகும், பின் தூசி துடைக்கும் துணியாகும், இறுதியில் துண்டுகளாக்கிக் களிமண்ணோடு பிசைந்து தரை மெழுகப்படும் என்று விடை கூறினார். மனமகிழ்ந்த மன்னன் மேலும் ஐந்நூறு ஆடைகள் அளித்தான் என்று விநய பிடகம் கூறுகிறது. நாம் கொடுக்கும் பொருள் ஓராண்டு கழிந்தபின் எங்கிருக்கும்? கையில் இருக்குமா, குப்பைத் தொட்டியில் இருக்குமா? கடையில் நின்று இவ்வினாவை ஒருமுறை எழுப்பினாலே பாதிப் பொருள்கள் கடையிலேயே நின்றுவிடும்.

இறுதியாக ஒன்று. பிறந்தநாளுக்கு வந்த குழந்தைகள் அனைவர்க்கும் 'ரிட்டர்ன் கிஃப்ட்' கொடுத்தே தீரவேண்டும் என்னும் வழக்கம் நம் தெருக்களிலும் நுழைந்துவிட்டது. அடுத்த வீட்டார் கொடுத்ததைவிடக் குறைவாகக் கொடுத்தால் இழுக்கு என்று அஞ்சி, கைமாற்று வாங்கிச் செய்வோரையும் காண்கின்றோம். ஒரே அச்சில் வார்த்த நாற்பது பொருள்களை மொத்தமாக வாங்கி நாற்பது குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது, அவற்றுள் எந்தக் குழந்தையின் முகம் நினைக்கப்பட்டது? தானம், இன்சொல், நற்செயல், சமநிலை ஆகிய நான்கும் மக்களைப் பிணைப்பவை என்று பகவான் அருளினார். போட்டியில் பிறந்த தானம் சமநிலையைக் குலைத்து, இல்லாதவனைத் தலைகுனியச் செய்யும். அத்தகைய கொடையைவிட, அனைவரும் கூடி உண்ணும் ஒருவேளை உணவே சிறந்தது.

ஆதலின் அன்பர்காள், விந்தைப் பொருளை விலக்க வேண்டுவதில்லை. விரும்பிக் குவிக்கவும் வேண்டுவதில்லை. வாங்குமுன் பெறுபவரின் முகத்தை நினையுங்கள். அவர் எதைக் கண்டு சிரிப்பார், அச்சிரிப்பு எவரையும் புண்படுத்துமா, அப்பொருள் எத்துணை நாள் அவரோடு வாழும், நம் பொருளின் உரிய கூற்றுக்குள் அஃது அடங்குமா என்று எண்ணுங்கள். இவற்றுக்கு நல்விடை கிடைப்பின் பத்து ரூபாய்ப் பம்பரமும் சிறந்த கொடையே. மிச்சத்தைப் பெற்றே வாழ்ந்த மக்களின் வழித்தோன்றல்கள் நாம். நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மையாரின் குழந்தைக்கு, நம் பிள்ளைகள் விளையாடி எறிந்த பொம்மையை எடுத்துக் கொடாமல், அக்குழந்தைக்கென்றே தேர்ந்தெடுத்த புதிய பொம்மை ஒன்றை அளிக்கும் நாளில், சிங்காலனுக்குக் கூறப்பட்ட அந்த நான்காங் கடமை நம் இல்லத்தில் நிறைவேறும்.