கண்ணாடிச் செருப்பும் ஓமக்குளமும்

அக்கா மகளுக்குப் பதினாலு வயது. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் மரிஸா மேயரின் 'சின்டர்' படித்துக்கொண்டு வந்தாள். 2012-ல் வந்த நாவல். அதில் சின்ட்ரெல்லா பாதி மனுஷி, பாதி இயந்திரம்; வேலை மெக்கானிக். விருந்திலிருந்து ஓடும்போது செருப்பு கழல்வதில்லை, இரும்புக் காலே கழன்று விழுகிறது.

"கதைய இப்படி இஷ்டத்துக்கு மாத்தலாமா மாமா?"

தாராளமா மாத்தலாம் என்றேன். 1697-ல் பெரோ எழுதியதில் கண்ணாடிச் செருப்பு. 1812-ல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்டதில் அது தங்கம். அதற்குள் காலை நுழைக்க ஒருத்தி குதிகாலை வெட்டிக்கொள்கிறாள், இன்னொருத்தி கால்விரலை. ஆளாளுக்கு மாற்றியதுதான் அந்தக் கதை. யாருக்கும் நஷ்டமில்லை.

சிதம்பரத்தில் இறங்கி ஓமக்குளம் பக்கம் நடந்தோம். நந்தனார் தீயில் இறங்கிய இடம் என்று ஊர் நம்பும் இடம். அவளுக்கு அந்தக் கதை தெரியவில்லை. எங்க ஆயா எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னேன்: நாளைக்குப் போறேன், நாளைக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தவர், ஒருநாள் தில்லைக்கு வந்து ஜோதியில் கலந்துட்டார்.

"ஜோதின்னா?"

"தீ."

"தீயில எறங்கினா செத்துடமாட்டாங்களா?"

நந்தன் கதையும் ஆளாளுக்கு மாற்றியதுதான். சுந்தரர் பெயரைச் சொல்லி வணங்கியதோடு சரி. 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் விரித்து எழுதினார்: ஆதனூர்ப் புலைப்பாடி, கோயில் முரசுக்குத் தோல் கொடுக்கும் தொண்டு, திருப்புன்கூரில் விலகும் நந்தி, தில்லைக்குள் நுழையாமல் எல்லையைச் சுற்றிச் சுற்றி வரும் கால்கள். கடைசியில் கனவு, தீ, தீயிலிருந்து பூணூலோடு எழும் முனிவர். அந்தக் கதையில் ஆண்டை கிடையாது. நந்தனைத் தடுப்பது தன் பிறப்பு பற்றிய அவரது சொந்தத் தயக்கம்தான்.

ஆண்டையைக் கொண்டுவந்தவர் கோபாலகிருஷ்ண பாரதி. 1861-ல் அச்சான அவருடைய கீர்த்தனையில் நந்தன் பண்ணையாள். வேதியர் அனுமதி தர மறுக்கிறார். 40 வேலியையும் அறுத்து முடி, அப்புறம் போ என்கிறார். மூலத்தில் இல்லாததைச் சேர்த்தது மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. சிறப்புப்பாயிரம் தரத் தயங்கி, பிறகுதான் கொடுத்தார்.

எனக்கு இதில் பாரதி பக்கம்தான். கொள்ளிடக்கரை வயல்களில் யார் அறுத்தார்கள், யார் அளந்து எடுத்துப்போனார்கள் என்று தெரிந்தவர்களுக்கு அந்த வேதியர் கற்பனை என்றே தோன்றாது. 'நாளைப் போவேன்' என்பது அதுவரை ஒரு பக்தனின் கூச்சம். பாரதி கை வைத்ததும் அது லீவு கிடைக்காத கூலியாளின் பேச்சாகிவிட்டது. ஆனால் அவரும் தீயில் கை வைக்கவில்லை. இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகத்தில்தான் தீ தீயாகவே எரிகிறது. அங்கே அற்புதம் இல்லை, சூழ்ச்சி இருக்கிறது.

சின்ட்ரெல்லாவுக்குச் சொந்த ஊர் கிடையாது. யார் எப்படி மாற்றினாலும் கேட்க ஆளில்லை. நந்தனுக்கு ஊர் இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள். சுவாமி சகஜானந்தர் 1916-ல் இதே சிதம்பரத்தில் தலித் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியபோது நந்தனார் பெயரைத்தான் வைத்தார். எரித்துக் கொன்றார்கள் என்று எழுதினால், கும்பிடும் ஒருவரிடமிருந்து அவருடைய நாயனாரைப் பறிக்கிறோம். முனிவராக எழுந்தார் என்று எழுதினால், எரிந்தால்தான் உள்ளே வரலாம் என்ற நிபந்தனையைச் சரியென்று ஒப்புக்கொள்கிறோம். இரண்டுக்கும் இந்த ஊரில் முகத்துக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் எதையும் மாற்றவில்லை, கேட்டதைத்தான் சொன்னேன் என்று தப்பிக்கவும் முடியாது. சேக்கிழாரே தீ என்று சொல்லக் கூசவில்லை. ஜோதி என்று வழித்து மெழுகியது எங்கள் வீடு. பாரதி செய்ததைவிடப் பெரிய மாற்றம் அது; அதற்கு யாரும் பாயிரம் தர மறுக்கவில்லை.

"செத்துத்தான் போவாங்க," என்றேன்.

புத்தகத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டாள். "அப்ப அவர உள்ளயே விடலயா மாமா?"

குளத்தோரக் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு, ஆதனூரிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.