மண்ணுக்குள் விட்ட கண்



ஓசூர் பக்கம் ரோஜா நாற்றுப் பண்ணையில் வேலை செய்துகொண்டே சபையை நடத்துகிறவன் நான். வாரம் முழுதும் கையில் ஒட்டுக்கத்தி, ஞாயிறு கையில் வேதம்.

முதலில் காட்டு ரோஜாக் குச்சியைத்தான் வேர்விடச் செய்வோம். பென்சில் கனம், ஒரு சாண் நீளம். மண்ணுக்குள் போகிற பாகத்துக் கண்களையெல்லாம் சீவி எடுத்துவிட்டுப் பையில் நடுவோம். வேர் பிடித்துத் தண்டு தேறினபின், பட்டையில் ஆங்கில 'டி' எழுத்தைப்போலக் கீறி, நல்ல ரோஜாவின் ஒரே ஒரு கண்ணைச் செருகி, அந்தக் கண் மூடாதபடி பிளாஸ்டிக் நாடாவால் கட்டுவோம். மூன்று வாரம் கழித்துக் கண் பச்சையாயிருந்தால் ஒட்டிவிட்டது, கறுத்தால் போச்சு. ஒட்டினபின் மேலேயுள்ள காட்டுத் தண்டை வெட்டிவிடுவோம்.

ரோமர் 11-ல் பவுல் சொல்வது இதற்கு நேர் எதிர். அங்கே காட்டுக்கிளை நல்ல ஒலிவமரத்தில் ஒட்டப்படுகிறது. எந்தத் தோட்டக்காரன் அப்படிச் செய்வான்? அது கிருபை, அல்லேலூயா! ஆனாலும் கர்த்தர் என்னைப் பிடித்தது எங்கள் பண்ணை ஒட்டில்தான்.

ஒரு சகோதரி வந்து, "பாஸ்டர், நீங்க கொடுத்த செடிக்கு தினமும் தண்ணி ஊத்துறேன், ஆள் உயரம் வளர்ந்துடுச்சு, பூவே இல்லையே" என்றார்கள். போய்ப் பார்த்தேன். தளதளவென்று நின்றதெல்லாம் ஒட்டுக்குக் கீழேயிருந்து வந்த காட்டுக்கிளை. நான் ஒட்டின சிவப்பு ரோஜா ஓரத்தில் வாடிக் கிடந்தது. அவசரத்தில் ஒரு கண்ணைச் சீவாமல் மண்ணுக்குள் விட்டிருக்கிறேன்! இதை மேலாகக் கத்தரித்தால் மறுபடியும் துளிர்க்கும். மண்ணைத் தோண்டி, புறப்பட்ட இடத்தோடே பிய்த்தெடுக்கவேண்டும்.

முழங்காலில் இருந்து தோண்டும்போது ஆவியானவர் என்னோடே பேசினார். இரண்டு மாதத்துக்கு முன், ஆராதனைக்குப் பிந்தி வந்த ஒரு வாலிபத் தம்பியைப் பிரசங்க பீடத்திலிருந்தே கடிந்துகொண்டேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் திரும்பி அவனைப் பார்த்தார்கள். "இன்னைக்கு பாஸ்டருக்கு நல்ல அபிஷேகம்" என்று சிலர் சொல்ல, நானும் நம்பிவிட்டேன். அபிஷேகமா அது? இரட்சிக்கப்படுமுன் வீட்டில் தட்டை எறிந்தேனே, அதே கோபம்! செழிப்பாய் நின்றதால் எனக்கே அடையாளம் தெரியவில்லை. எபிரெயர் 12:15-ன் கசப்பான வேரைப்பற்றி மற்றவர்களுக்கு எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்!

இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேரே ஆராதனைக்கு வந்ததால்தான் அவன் பிந்தினான் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன். அன்றைக்கப்புறம் அவன் சபைக்கு வரவேயில்லை.

அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனேன். "தம்பி, என்னை மன்னிச்சிடுப்பா" என்றேன். அவன் அம்மா காபி கொடுத்தார்கள். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு, பெயர் சொல்லாமல், சபைக்கு முன்பாகவும் என் தப்பை அறிக்கை செய்தேன்.

அவன் இன்னும் வரவில்லை. அவனுக்காக ஜெபியுங்கள். எனக்காகவும்.