மதிலும் வாசலும்

பாசறையும் ஒருவகைத் தன்னிறைவுச் சமூகமே. அதற்கெனத் தனிச் சமையற்கூடம், பட்டறை, மருத்துவமனை, கிடங்கு எல்லாம் உண்டு. ஆயினும் அதனை இலட்சியச் சமூகம் என்று எவரும் போற்றுவதில்லை. அதன் நிறைவு பிறரை வெளியே நிறுத்துவதற்காக ஏற்பட்டது. அப்படியானால், படைகள் விட்டுச்சென்ற நிலத்தில் தன்னிறைவை நாடிக் குடியேறும் மக்கள் பழைய மதிலை இடிக்கிறார்களா, புதிய மதிலை எழுப்புகிறார்களா?

ஜெர்மனியின் தென்மேற்கிலுள்ள பிரைபர்க் நகரின் வோபான் பகுதி இக்கேள்விக்கு நல்லதோர் உரைகல். 1930களில் ஜெர்மானியப் படைக்கெனக் கட்டப்பட்ட பாசறை அது. 1945க்குப்பின் அங்குத் தங்கிய பிரெஞ்சுப் படையினர், 17ஆம் நூற்றாண்டில் கோட்டைகள் கட்டிப் புகழ்பெற்ற தம் நாட்டுப் பொறியாளர் வோபானின் பெயரை அதற்குச் சூட்டினர். 1992இல் அவர்கள் வெளியேறியபின், ஏறத்தாழ 38 ஹெக்டேர் நிலம் குடியிருப்பாக மாறத் தொடங்கியது.

அங்கு நகராட்சி மட்டும் திட்டம் தீட்டவில்லை. குடியேற விரும்பியோரும் கூடிப் பேசினர். பல குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, தம் தேவைக்கேற்பப் பொதுக் கட்டடங்களை எழுப்பின. கார்கள் பகுதியின் ஓரத்திலுள்ள பல மாடி நிறுத்தங்களுக்குச் சென்றன. தெருக்கள் குழந்தைகளின் விளையாட்டிடமாயின. குளிர் புகாத சுவர்களால் வீடுகளுக்கு வேண்டிய வெப்பம் குறைந்தது. மரச்சில்லுகளை எரிக்கும் பொது உலையிலிருந்து அவ்வெப்பத்தைப் பெறவும் வழிசெய்தனர். இன்று 5,000க்கு மேற்பட்டோர் வாழும் இப்பகுதி தன் உணவைத் தானே விளைவிப்பதில்லை. எனவே முழுத் தன்னிறைவு என்று அதைச் சொல்ல இயலாது. தேவையைக் குறைத்து, உள்ளதைப் பகிரக் கற்ற சமூகம் என்று சொல்லலாம்.

ஆயினும் சோதனை வேறிடத்தில் இருந்தது. பழைய பாசறைக் கட்டடங்கள் சிலவற்றை, வசதி குறைந்தோர் தம் கைகளாலேயே செப்பனிட்டுக் குடியேறினர். ஆனால் பகுதியின் முகப்பில் எஞ்சியிருந்த வெற்றுமனையில், வண்டிகளையே வீடாக்கி வாழ்ந்தவர்களைக் காவல்துறை 2011இல் அப்புறப்படுத்தியது. பின்னர் அம்மனையில் எழுந்த தங்கும் விடுதியில் மாற்றுத்திறனாளிகள் பணியமர்த்தப்பட்டனர். ஒரே மனையில் சிலருக்கு வாசல் அடைபட்டது. வேறு சிலருக்குத் திறந்தது. தூரத்திலிருக்கும் நாம் எளிதில் தீர்ப்புக் கூற முடியாது.

ஒன்று மட்டும் தெளிவு. நிலத்தைவிட்டுப் படை நீங்குவது ஒரு நாளில் நடந்துவிடும். உள்ளத்திலிருந்து பாசறை நீங்க ஒரு தலைமுறையும் போதாது. நல்ல வடிவமைப்பு வெப்பத்தைச் சேமிக்கும், நீரைச் சேமிக்கும். இரக்கத்தை அதனால் உண்டாக்க இயலாது. ‘எங்களுக்குப் போதும்’ என்று சொல்லும் நாளில் ஒரு சமூகம் தன்னிறைவு பெறுகிறது. ‘இங்கே உங்களுக்கும் இடமுண்டு’ என்று சொல்லும் நாளில்தான் அது ஊராகிறது.