அறியாமையும் அறிய விரும்பாமையும்

அயல் வீட்டிலே ஒரு பிள்ளை நெடுங்காலமாகத் துன்புறுத்தப்பட்டு வந்தது என்னும் செய்தி வெளிப்படும்பொழுது, அவ்வூரவர் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "எங்களுக்குத் தெரியாது." தெரியாத ஒன்றுக்கு எவரையும் பொறுப்பாளியாக்குதல் நீதியன்று என்பது பொதுவான கொள்கை. ஆயினும் இவ்விடையை நாம் அவ்வளவு எளிதாக ஏற்றுக்கொள்ளலாமா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறியாமை இருவகைப்படும். அறிவதற்கு வழியின்மையால் நேர்வது ஒன்று. வழியிருந்தும் அறிய முயலாமையால் நேர்வது மற்றொன்று. அரிஸ்டோட்டில் தமது ஒழுக்கவியல் நூலின் மூன்றாம் பகுதியில் இவ்வேறுபாட்டை விளக்குகின்றார். மதுவெறியிலே குற்றமிழைத்தவன் தான் செய்தது இன்னதென்று அறியாதிருந்திருக்கலாம். எனினும் அவ்வறியாமைக்கு அவனே காரணன் ஆதலின், சட்டம் இயற்றுவோர் அவனுக்கு இருமடங்கு தண்டனை விதிப்பர் என்பது அவர் காட்டும் உதாரணம். இரண்டாம் வகை அறியாமை குற்றத்துக்குச் சமாதானமாகாது. அதுவே குற்றத்தின் ஒரு கூறு.

இவ்வுண்மையை மருத்துவ வரலாறும் உறுதிப்படுத்துகின்றது. 1946ஆம் ஆண்டிலே ஜோன் கஃபி என்னும் அமெரிக்க வைத்தியர், மண்டையோட்டினுள் இரத்தக் கசிவுற்ற ஆறு குழந்தைகளின் நீண்ட எலும்புகளிலே பல முறிவுகள் இருந்தமையைக் கதிர்ப்படங்கள் வாயிலாக எடுத்துக்காட்டினார். அம்முறிவுகளை விளக்கக்கூடிய வரலாறு எதுவும் கிடைக்கவில்லை. 1962ஆம் ஆண்டிலேதான் ஹென்றி கெம்பும் அவருடைய சகாக்களும் இத்தகைய காயங்களுக்கு, அடிக்கப்பட்ட குழந்தையின் நோய்க்குறித் தொகுதி எனப் பெயரிட்டனர். பெற்றோரே தம் பிள்ளையை இவ்வாறு தாக்கியிருப்பர் என்பதை நம்புவதற்கு வைத்தியர்களின் மனம் இடந்தரவில்லை என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டினர். பதினாறு ஆண்டுகளாகக் கதிர்ப்படம் மாறவில்லை. பார்த்தவர்களின் மனமே மாறவேண்டியிருந்தது. காண்டல் என்பது கண்ணின் தொழில் மாத்திரமன்று என்பது இதனாற் புலனாகும்.

எம்மூர்களிலே கதிர்ப்படம் வேண்டியதில்லை. வெயிற் காலத்திலும் கைகளை மூடிக்கொள்ளும் மாணவன், முதற் பாடத்திலேயே பசியாற் சோர்ந்து உறங்குபவன், எவரேனும் கையை உயர்த்தினாற் பதறி ஒதுங்குபவன், பாடசாலை விட்ட பின்னரும் வீடு செல்லத் தயங்கி மதிலோரம் நிற்பவள், நேற்றுவரை கலகலப்பாயிருந்து இன்று வாயடைத்துப் போனவள் - இவர்களை ஆசிரியர் காண்கின்றார்; கடைக்காரரும் அயலாரும் காண்கின்றனர். இவற்றுள் எதுவும் தனித்து நின்று எதனையும் நிரூபிப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் வினவுவதற்கு நிரூபணம் வேண்டுமா? ஐயமே போதுமானது.

அவ்வாறாயின் நாம் ஏன் வினவுவதில்லை? முதலாவது, 'அது அவர்களுடைய குடும்ப விடயம்' என்னும் எண்ணம். இரண்டாவது, மானம். ஒரு பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையை வெளிப்படுத்தினால் அப்பிள்ளையின் எதிர்காலம் கெட்டுவிடும் என அஞ்சி, கொடுமை செய்தவனையே காப்பாற்றிவிடுகின்றோம். மூன்றாவது, 'அடியாத மாடு படியாது' என்னும் பழமொழி. மாட்டுக்கு வகுத்த நியாயத்தைப் பிள்ளைக்கும் வழங்கிவிட்டு அதனைக் கண்டிப்பு என்கின்றோம். சட்டம் இவ்வெண்ணங்களைக் கடந்து சென்றுவிட்டது. 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம், தன் பொறுப்பிலுள்ள பிள்ளையை வேண்டுமென்றே தாக்குதலை மட்டுமன்றிப் புறக்கணித்தலையும் கைவிடுதலையும் கொடுமை என்னும் குற்றத்துள் அடக்கியது. பாடசாலையில் உடல் தண்டனை கூடாதென 2005இற் சுற்றறிக்கை வெளிவந்தது. சட்டம் முன்சென்றது, சமுதாயம் இன்னும் பிரம்புடனேயே நிற்கின்றது.

எமது சமுதாயத்தின் அறிய விரும்பாமைக்கு மிகத் தெளிவான சான்று எமது அடுக்களைகளிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்த குடும்பங்கள் பலவற்றின் வீடுகளில் மலையகத் தோட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியர் வேலை செய்தமை பல தலைமுறையினர் அறிந்த காட்சி. "எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரித்தான்" என்று அவ்வீட்டார் கூறுவர். வீட்டுப் பிள்ளை பாடசாலைக்குப் புறப்படும் வேளையில் அந்த 'மாதிரி'ப் பிள்ளை அதன் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது. விருந்தினராகச் சென்ற நாம் அதன் கையிலிருந்து தேநீரை வாங்கி அருந்தினோம். அதன் வயதை வினவினோமல்லோம். 2021 ஜூலையில், கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயது மலையகச் சிறுமியொருத்தி தீக்காயங்களால் உயிரிழந்தபொழுது நாடெங்கும் குரல் எழுந்தது. அம்மரணத்துக்குப் பொறுப்பாளி யார் என்பது நீதிமன்றத்துக்குரிய வினா. அத்தகைய சிறுமியர் உயிருடன் இருக்கும்பொழுது ஏன் எவரும் குரலெழுப்பவில்லை என்பதோ எமக்குரிய வினா.

இங்கு ஓர் எச்சரிக்கையும் அவசியமாகும். வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. தோட்டத்திலே நாட்கூலிக்குக் கொழுந்து பறிப்பவளும், மத்திய கிழக்கு நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவளும் தம் பிள்ளையைப் புறக்கணித்தவர்கள் என எடுத்த எடுப்பிலே தீர்ப்பளித்தல் தகாது. கொடுக்கக்கூடியவன் கொடாதிருப்பதே புறக்கணிப்பு. கொடுக்க இயலாத தாயின் பிள்ளை பசித்திருக்குமாயின், புறக்கணித்தவர்கள் அவளைச் சூழ வாழும் நாமேயாவோம். ஆகவே, ஏழை வீட்டின்மீது மாத்திரம் ஐயத்தைத் திருப்பிவிட்டு, மதிலுயர்ந்த வீட்டை மரியாதையுடன் கடந்து செல்வதும் அறிய விரும்பாமையின் மற்றொரு வடிவமேயாகும்.

'ஐயம் பொய்யானால் ஒரு குடும்பத்தை அவமானப்படுத்தியவர்கள் ஆவோமே' என்னும் தடை நேர்மையானது. ஆனால் அறிவிப்பவன் நீதிபதியல்லன். உண்மையை ஆராய்வதற்கென 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை உண்டு. அதன் தொலைபேசி இலக்கம் 1929. பிரதேச செயலகத்திலே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் நன்னடத்தை உத்தியோகத்தரும் உளர். பொலிஸ் நிலையங்களிற் சிறுவர், பெண்கள் பணியகங்கள் உண்டு. ஊர்வம்பு பேசுதல் வேறு. உரியவரிடம் கூறுதல் வேறு. பிள்ளையே நேரில் வந்து சொல்லுமாயின், இடைமறியாது கேட்டல் வேண்டும். 'உன்னில் ஒரு பிழையும் இல்லை' என்று கூறுதல் வேண்டும். 'ஒருவருக்கும் சொல்லமாட்டேன்' என்னும் காக்க முடியாத வாக்கைக் கொடுத்தலாகாது. துருவித் துருவி விசாரித்தலும், குற்றஞ் சாட்டப்பட்டவனிடம் உடனே சென்று மோதுதலும் பிள்ளையை மேலும் ஆபத்துக்கு உள்ளாக்கக்கூடும். பிள்ளைகள் முழுக் கதையையும் ஒருங்கே கூறுவது அரிது. அரை வாக்கியத்தைச் சொல்லி எம் முகத்தைப் பார்க்கும். மற்றைய அரை வெளிவருமா என்பது அம்முகத்தைப் பொறுத்தது.

கலைப்பீட மாணவராகிய எம்மிற் பலர் நாளை ஆசிரியராக வகுப்பறைகளில் நிற்கப்போகின்றோம். எனவே இவ்வினா எமக்கு வெறும் தத்துவப் பயிற்சியன்று. வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்குக் 'கண்ணோட்டம்' எனப் பெயரிட்டார். பார்வையையும் இரக்கத்தையும் பிரிக்காது ஒரே சொல்லில் வைத்த மொழி எமது மொழி. அச்சொல்லின்படி, இரங்காத கண் பார்த்த கண்ணாகாது. வகுப்பறையின் கடைசி வாங்கிலே தலைகவிழ்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தும் பாராதிருப்பவர் 'எனக்குத் தெரியாது' என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகின்றார்.