பணியாமையும் பகையின்மையும்

இராஜபாளையத்திலிருந்து பேத்தியுடன் சங்கரன்கோவில் சென்றிருந்தேன். சங்கரநாராயணர் திருக்கோயிலில், பூலித்தேவர் மறைந்ததாகக் கருதப்படும் அறையின் முன் மக்கள் கைகூப்பி நின்றனர். நெற்கட்டும்செவல் பாளையக்காரராகிய அவர், 1755இல் வரி கேட்டுப் படையுடன் வந்த ஆங்கிலத் தளபதி ஹெரானுக்குப் பணிய மறுத்தவர். 1761இல் யூசுப்கான் அவருடைய கோட்டைகளைக் கைப்பற்றினார். பிற்காலத்தில் சிறைபிடிக்கப்பட்ட பூலித்தேவர், கோமதியம்மனை வழிபட இசைவு பெற்று உள்ளே சென்று அங்கேயே மறைந்தார் என்பது செவிவழி வரலாறு.

நானும் கைகூப்பினேன். உடனே பேத்தி, "எறும்பையும் மிதிக்கலாகாது என்கிறீர்களே பாட்டி, வாளேந்தியவரை வணங்கலாமா?" என்றாள். இப்பாடத்தைப் பல்லாண்டுகள் வகுப்பில் நடத்தியவள் நான். ஆயினும் எனக்கு விடை தோன்றவில்லை. கூப்பிய கை தளர்ந்தது.

நம் ஆசாரியர்கள் ஹிம்சையை நால்வகையாகப் பகுத்துள்ளனர். கொல்லும் எண்ணத்தோடு செய்வது சங்கல்ப ஹிம்சை. இல்லறப் பணிகளில் நேர்வது ஆரம்ப ஹிம்சை. தொழிலில் நேர்வது உத்யோக ஹிம்சை. தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் காக்க எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதி ஹிம்சை. அணுவிரதம் பூண்ட இல்லறத்தார் முதலாவதை அறவே விலக்க வேண்டும். மற்றவற்றை முற்றும் விலக்குதல் அவர்க்கு இயலாது; இயன்றவரை குறைத்தலே கடன். ஆனால் விரோதி ஹிம்சையும் ஹிம்சையே. அதனால் வினை ஒட்டாது என்பதில்லை. பூலித்தேவரை எதிர்த்து மடிந்த சிப்பாய்களுள்ளும் இந்நாட்டவர் பலர். அவர்தம் தாயரும் அழுதிருப்பர்.

இவ்வெண்ணத்துடனே அன்று பிற்பகல் கழுகுமலை ஏறினோம். பாண்டியர் காலத்தில் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் வரிசையைத் தொழுது, கொடிகள் சுற்றிய பாகுபலியின் முன் நின்றோம். பேத்திக்கு விடை அங்கே கிடைத்தது.

பாகுபலியும் பணிய மறுத்தவரே. சக்கரவர்த்தியாகிய அண்ணன் பரதன் தன் ஆணைக்கு அடங்குமாறு கேட்டபோது, தந்தை ரிஷபநாதர் அளித்த நாட்டை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் இரு படைகளும் மோதி மடியாதவாறு, உடன்பிறந்தார் இருவர் மட்டுமே பொருதனர். பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் மூன்றிலும் வென்ற பாகுபலி, வென்ற நாட்டையே துறந்து தவம் மேற்கொண்டார்.

"அநீதிக்குத் தலைவணங்காத உள்ளத்தைத்தான் காலையில் வணங்கினோம், சிந்திய குருதியை அன்று" என்று பேத்தியிடம் கூறினேன். எதிர்த்து நிற்றல் அறத்திற்கு மாறானதன்று. எதிர்ப்பு முடிந்த பின்னும் பகையை நெஞ்சில் வளர்த்தலே மாறானது. வீரரை எண்ணி வணங்கும் இடத்தில், அன்று எதிரே நின்றவர்தம் வழிவந்தோரை வெறுக்கக் கற்போமாயின், நம் யாத்திரை வீணாகும்.

பரதனும் பாகுபலியும் அயலார் அல்லர், உடன்பிறந்தார். வரப்புத் தகராற்றில் பல்லாண்டுகள் பேசாதிருக்கும் பங்காளிகள் நம் ஊர்களிலும் உண்டு. உரிமையைக் கேட்போம், பகையை விடுவோம்.